தமிழ்நாடு அரசின் இலவசத் தொழிற்பயிற்சி: விண்ணப்பம் முதல் வேலை வரை முழு வழிகாட்டி

தமிழ்நாட்டில் இலவசத் தொழிற்பயிற்சிக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் எல்லாம் ஒரே வாசலில் கிடைப்பதில்லை. ஐடிஐ எனப்படும் அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களை நடத்துவது வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை. நான் முதல்வன் திட்டமும் குறுகியகாலப் பயிற்சிகளும் தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகத்தின் பொறுப்பில் இருக்கின்றன. கிராமத்து இளைஞர்களுக்கான பயிற்சியை ஊரக வாழ்வாதார இயக்கமும், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கானதைத் தாட்கோவும் பார்த்துக்கொள்கின்றன. கட்டடத் தொழிலாளர்களுக்குத் தனி வாரியம் உண்டு. சொந்தத் தொழில் கடன் என்றால் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போக வேண்டும். ஒரு அலுவலகத்தில் இல்லை என்று சொன்னால், அடுத்து எங்கே போவது என்று சொல்ல அங்கே பெரும்பாலும் ஆள் இருப்பதில்லை. தகுதி இருந்தும் பிள்ளைகள் வாய்ப்பைத் தவறவிடுவது பெரும்பாலும் இதனால்தான். அதனால் எந்த வாசலை எப்போது தட்டுவது என்பதை வரிசைப்படி பார்க்கலாம்.

முதல் படி: திட்டத்தைத் தேடும் முன் இரண்டு கேள்விகள்

சம்பளம் இல்லாமல் உங்கள் வீடு எத்தனை மாதம் சமாளிக்கும்? மற்ற எல்லாவற்றையும் இந்தக் கேள்விதான் முடிவு செய்கிறது. இரண்டு ஆண்டு சமாளிக்கலாம், பிள்ளைக்கு 15, 16 வயதுதான் என்றால், யோசிக்காமல் ஐடிஐ பக்கம் போங்கள். வயது 25 ஆகிவிட்டது, நான்கு மாதத்தில் வருமானம் வந்தே ஆக வேண்டும் என்றால் குறுகியகாலப் பயிற்சி. குழந்தைகளை விட்டுவிட்டு வெளியூர் போக முடியாத பெண்ணுக்கு, பக்கத்திலேயே சில வாரங்களில் முடிகிற சுயதொழில் பயிற்சி பொருந்தும்.

அடுத்த கேள்வி, வேலை எங்கே இருக்கிறது என்பது. ஓசூர், ஒரகடம் பக்கம் இயந்திரத் தொழிற்சாலைகள் நிறைய. அங்கே உலோகத்தை இயந்திரத்தில் வெட்டி வடிவமைக்கும் மெஷினிஸ்ட், கடைசல் வேலை செய்யும் டர்னர், பாகங்களைப் பொருத்தும் ஃபிட்டர் ஆகியோருக்கு எப்போதும் இடம் உண்டு. திருப்பூரில் தையல் தெரிந்தவருக்கும், தையல் இயந்திரத்தைப் பழுதுபார்க்கத் தெரிந்தவருக்கும் கிராக்கி. கோவையில் பம்பு, மோட்டார், வார்ப்புப் பட்டறைகள். எலக்ட்ரீசியனுக்கும் ஏசி மெக்கானிக்குக்கும் எந்த ஊரிலும் வேலை உண்டு. அக்கம்பக்கத்தில் யாரோ கம்ப்யூட்டர் படித்தார் என்பதற்காக நாமும் அதையே எடுப்பதைவிட, நம் ஊரிலிருந்து பஸ் போகும் தூரத்தில் எந்தக் கம்பெனி யாரை எடுக்கிறது என்று விசாரித்துவிட்டுப் பிரிவைத் தேர்ந்தெடுப்பது நல்லது. இரண்டு சனிக்கிழமை இதற்குச் செலவானாலும் பரவாயில்லை.

இரண்டாம் படி: காகிதங்கள்

மதிப்பெண் சான்று, மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்று, ஆதார், புகைப்படம், எப்போதும் கையில் இருக்கும் ஒரு கைபேசி எண், மின்னஞ்சல் முகவரி. பட்டியல் சின்னதுதான். சிக்கல் வருவது பெயரில். மதிப்பெண் சான்றில் இனிஷியல் முன்னால் இருக்கும், ஆதாரில் பின்னால் இருக்கும் அல்லது அப்பாவின் முழுப் பெயரே சேர்ந்திருக்கும். சேர்க்கைக்கு இது பெரும்பாலும் தடையாக இருக்காது. ஆனால் உதவித்தொகை வரும் நேரத்திலும், கடைசியில் தேசிய அளவிலான சான்றிதழ் அச்சாகும் நேரத்திலும் தலைவலியாகும். பத்தாம் வகுப்புச் சான்றில் உள்ளபடி ஆதாரைத் திருத்திவிடுங்கள். தேர்வு முடிந்து முடிவு வரும் வரையிலான நாட்களே இதற்குப் போதும்.

இன்னொன்று வங்கிக் கணக்கு. கணக்கு இருந்தால் மட்டும் போதாது, அரசுப் பணம் வந்து விழுகிற கணக்காக அது ஆதாருடன் இணைக்கப்பட்டிருக்க வேண்டும். வங்கியில் "ஆதார் கொடுத்துவிட்டேன்" என்பது வேறு, இந்த இணைப்பு வேறு. நேரடிப் பணப் பரிமாற்றத்துக்கு இணைத்தாயிற்றா என்று வங்கியில் குறிப்பாகக் கேளுங்கள். கணக்கே இல்லை என்றால் அஞ்சலகத்தில் அஞ்சல் வங்கிக் கணக்கு தொடங்குவது எளிது.

மூன்றாம் படி: ஐடிஐயில் சேர்வது

அரசின் தொழிற்பயிற்சி உதவிகளில் உறுதியானது இதுதான் என்பது என் கருத்து. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கிண்டி, திருவெறும்பூர், மதுரை கே.புதூர், நெல்லை பேட்டை, நாகர்கோவில் கோணம் என்று மாநிலம் முழுக்க நூற்றுக்கும் மேற்பட்ட அரசு ஐடிஐகள் இருக்கின்றன. எட்டாம் வகுப்பு முடித்தவர்களுக்கு வெல்டர், வயர்மேன், பிளம்பர், தையல் தொழில்நுட்பம் போன்ற பிரிவுகள். பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு ஃபிட்டர், எலக்ட்ரீசியன், டர்னர், மெஷினிஸ்ட், மோட்டார் மெக்கானிக், ஏசி மெக்கானிக், கட்டட வரைவாளர், கம்ப்யூட்டர் ஆபரேட்டர் போன்றவை. சில பிரிவுகள் ஓராண்டு, சில இரண்டாண்டு. ஆண்களுக்கு வயது 14 முதல் 40 வரை. பெண்களுக்கு உச்ச வயது வரம்பே இல்லை. இது பலருக்குத் தெரியாது. பத்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டு, கல்யாணமாகி, பிள்ளைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகு ஒரு பெண் ஐடிஐயில் சேரலாம்.

பத்தாம் வகுப்பு முடிவு வந்ததையொட்டி, மே மாதவாக்கில் துறையின் சேர்க்கை இணையதளத்தில் விண்ணப்பம் தொடங்கும். விண்ணப்பக் கட்டணம் 50 ரூபாய். வீட்டில் வசதி இல்லை என்றால் பக்கத்து அரசு ஐடிஐக்கே போகலாம், அங்குள்ள சேர்க்கை உதவி மையத்தில் பதிவு செய்துகொடுப்பார்கள். அப்புறம் மதிப்பெண், இடஒதுக்கீட்டு அடிப்படையில் கலந்தாய்வு. அதில் எந்த நிலையம், எந்தப் பிரிவு என்று வரிசைப்படுத்திக் கேட்பார்கள். ஒரே பிரிவைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்காதீர்கள், மூன்று நான்கு விருப்பங்களை யோசித்து வைத்திருங்கள். எலக்ட்ரீசியன் இடங்கள் எல்லா ஊரிலும் முதலில் நிரம்பும். டர்னரும் மெஷினிஸ்டும் மெதுவாக நிரம்பும். ஆனால் தொழிற்பேட்டைகளில் அந்த இருவருக்குத்தான் தட்டுப்பாடு.

கலந்தாய்வைத் தவறவிட்டாலும் கதவு மூடிவிடுவதில்லை. மீதமுள்ள இடங்களுக்கு நேரடிச் சேர்க்கை நடக்கும், கடைசித் தேதியும் பல ஆண்டுகளில் நீட்டிக்கப்பட்டிருக்கிறது. ஜூலை, ஆகஸ்டில் கூட நேரில் போய்க் கேட்டுப் பாருங்கள். கல்லூரியில் இடம் கிடைக்காமல் வீட்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை யாராவது தெரிந்தவர் வீட்டில் இருந்தால் இதைச் சொல்லுங்கள்.

பிரிவைத் தேர்ந்தெடுக்கும்போது இன்னொரு விஷயத்தையும் கவனியுங்கள். டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் சேர்ந்து 71 அரசு ஐடிஐகளை 2,877 கோடி ரூபாய்ச் செலவில் '4.0' எனப்படும் நவீனத் தானியங்கித் தொழில்நுட்ப மையங்களாகத் தரம் உயர்த்தியிருக்கிறார்கள். முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் 2023 ஜூலையில் ஒரகடத்தில் இதைத் தொடங்கிவைத்தார். தொழிற்சாலை ரோபாட்டிக்ஸ், கணினி இயக்கும் நவீன சிஎன்சி எந்திரப் பணி, மின்வாகன மெக்கானிக் போன்ற புதிய பிரிவுகள் இந்த நிலையங்களில் கிடைக்கும். உங்கள் ஊர் ஐடிஐ அந்த 71-ல் ஒன்றா என்று கேளுங்கள். ஒன்று என்றால், சேரும் முன் அந்தக் கூடத்துக்குள் போய் இயந்திரங்கள் ஓடுகின்றனவா, மாணவர்கள் அதில் கைவைக்கிறார்களா என்று பார்த்துவிடுவது நல்லது.

நான்காம் படி: படிக்கும்போது வர வேண்டிய பணத்தை வாங்குவது

அரசு ஐடிஐயில் பயிற்சிக் கட்டணம் இல்லை. சேரும்போது கட்டுவது இருநூறு ரூபாய்க்குள் அடங்கிவிடும். மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு, அது வருகையைப் பொறுத்தது. பாடநூல், வரைபடக் கருவிகள், சீருடை, காலணி, மிதிவண்டி, இலவச பஸ் பாஸ் ஆகியவையும் உண்டு.

இதற்கு மேல் மாதம் 1,000 ரூபாய் வருகிற வழி ஒன்று இருக்கிறது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் கோவையில் தொடங்கியது. அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களும் இதில் வருவார்கள். இவை கல்லூரிக்காரர்களுக்கு மட்டும்தான் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஐடிஐ மாணவர்களுக்கும் இவை பொருந்தும். முன்னால் சொன்ன 750 ரூபாயையும் சேர்த்தால் மாதம் 1,750 ரூபாய். கூலி வேலைக்குப் போகும் வீட்டில் "பிள்ளையைப் படிக்க வைப்பதா, வேலைக்கு அனுப்புவதா" என்ற பேச்சு வரும்போது இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள். இதற்கு நிலையத்தின் வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். படித்த பள்ளியின் விவரங்கள் தயாராக இருக்கட்டும்.

வெளியூர் என்றால் தங்குமிடம்தான் பெரிய செலவு. சில ஐடிஐகளுக்குச் சொந்த விடுதி உண்டு. பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை, ஆதிதிராவிடர் நலத்துறை விடுதிகளிலும் ஐடிஐ மாணவர்கள் சேரலாம். தனி அறை பிடிக்கும் முன் அங்கே விசாரியுங்கள்.

வருகையைப் பற்றி ஒரு வார்த்தை. 80 சதவீதத்துக்குக் குறைந்தால் தேர்வு எழுத முடியாது என்பது விதி. அதைவிட முக்கியம், இந்தப் படிப்பைப் புத்தகத்தில் பிடித்துவிட முடியாது. ஃபிட்டர் பிரிவில் முதல் வாரங்களில் பையன்கள் ஒரு இரும்புத் துண்டை வைஸில் இறுக்கிவிட்டு அரம் போட்டுக்கொண்டே இருப்பார்கள். பயிற்றுநர் அந்தத் துண்டை வாங்கி, மூலைமட்டத்தை விளிம்பில் வைத்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். இடையில் நூலளவு வெளிச்சம் தெரிந்தாலும் மறுபடியும் அரம்தான். கை கொப்பளிக்கும். போரடிக்கிறது என்று பாதிப் பேர் மட்டம் போடுவதும் இந்தக் கட்டத்தில்தான். ஆனால் பின்னால் கம்பெனியில் நுண்ணளவில் வேலை செய்யும் கை இங்கேதான் உருவாகிறது. பிள்ளை முதல் மூன்று மாதத்தைத் தாண்டிவிட்டால் பெரும்பாலும் முடித்துவிடும். அந்த மூன்று மாதம் மட்டும் பெற்றோர் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும்.

ஐந்தாம் படி: தொழிற்பழகுநர் ஆண்டு

ஐடிஐ முடித்த கையோடு கிடைத்த வேலைக்குப் போய்விடுவது இயல்பு. முடிந்தால் அதற்கு முன் ஓராண்டு தொழிற்பழகுநராக, அதாவது அப்ரண்டிஸாகப் போங்கள். 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் தங்கள் ஆட்களில் குறிப்பிட்ட சதவீதம் பழகுநர்களை எடுத்தே ஆக வேண்டும். 2019-ல் திருத்திய விதிகளின்படி ஐடிஐ சான்று வைத்திருப்பவருக்கு மாதம் குறைந்தபட்சம் 7,000 ரூபாய். பல நிறுவனங்கள் அதற்கு மேலும் தருகின்றன.

திருச்சி பெல், நெய்வேலி என்எல்சி, பெரம்பூர் ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலை ஆகியவை தொடர்ந்து பழகுநர்களை எடுக்கின்றன. ஐசிஎஃப்பில் ஐடிஐ முடிக்காத பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கும் தனிப் பிரிவு உண்டு. ரயில்வேயில் பழகுநர் பயிற்சியை முடித்தவர்களுக்கு, அதன் லெவல் 1 எனப்படும் அடிப்படைநிலைப் பணியிடங்களில் 20 சதவீதம் ஒதுக்கப்படுகிறது. சும்மா கிடைக்காது, தேர்வு எழுத வேண்டும். ஆனாலும் போட்டி சிறிதாகிவிடுகிறது, இல்லையா?

செய்ய வேண்டியது இவ்வளவுதான். மத்திய அரசின் தொழிற்பழகுநர் இணையதளத்தில் பதிவு செய்யுங்கள். பிறகு உங்கள் மாவட்டத்தின் திறன் பயிற்சி அலுவலகத்துக்கு ஒருமுறை நேரில் போங்கள், பெரும்பாலும் அரசு ஐடிஐ வளாகத்திலேயே இருக்கும். தொழிற்பழகுநர் சேர்க்கை முகாம் எப்போது என்று கேட்டு வையுங்கள். முகாமுக்கு வரும் கம்பெனிகள் அங்கேயே ஆள் எடுக்கின்றன.

ஒன்றைத் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். பயிற்சி முடிந்ததும் அதே நிறுவனம் வேலை தர வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. "ஒரு வருஷம் வேலை வாங்கிவிட்டு அனுப்பிவிட்டார்கள்" என்ற மனக்குறை பல வீடுகளில் உண்டு. பழகுநர் சான்றும் ஓராண்டு அனுபவமும்தான் இதில் உறுதியான வரவு. அடுத்த கம்பெனியின் வாசலில் அவை இரண்டுமே செல்லும்.

படிப்பைத் தொடர நினைப்பவர்களுக்கும் வழி திறந்தே இருக்கிறது. பத்தாம் வகுப்புக்குப் பிறகு இரண்டாண்டு ஐடிஐ முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். மேல்நிலை மொழிப்பாடங்களைத் தனியாக எழுதித் தேர்ச்சி பெற்றால் பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையான சான்றும் பெறலாம். ஐடிஐ போனால் படிப்பு அத்தோடு முடிந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இரண்டு ஆண்டு ஒதுக்க முடியாதவர்களுக்கு

நான் முதல்வன் திட்டம் 2022 மார்ச் 1 அன்று, ஆண்டுக்கு 10 லட்சம் இளைஞர்களுக்குத் திறன் பயிற்சி என்ற இலக்கோடு தொடங்கப்பட்டது. பொறியியல், கலை, அறிவியல் கல்லூரிகளில் படிப்பவர்களுக்கு இது பருவப் பாடத்தோடே வந்துவிடும். படிப்பை முடித்தவர்களுக்கும் பாதியில் விட்டவர்களுக்கும் 2025 ஜூலையில் வெற்றி நிச்சயம் என்ற குறுகியகாலப் பயிற்சித் திட்டம் வந்தது. திறன் மேம்பாட்டுக் கழகத்தின் இணையதளத்தில் மாவட்டத்தையும் துறையையும் கொடுத்தால் எந்தப் பயிற்சி எங்கே நடக்கிறது என்று தெரியும்.

கிராமத்தில் இருப்பவர்கள், குறிப்பாக மகளிர் குழு குடும்பங்களும் நூறு நாள் வேலை அட்டை வைத்திருக்கும் குடும்பங்களும், வட்டார அளவில் நடக்கும் இளைஞர் திறன் திருவிழாவைக் கவனியுங்கள். தீன் தயாள் உபாத்யாய கிராமப்புறத் திறன் திட்டத்துக்கு அங்கேதான் ஆள் சேர்ப்பார்கள். பொதுவாக 35 வயது வரை சேரலாம், தங்கிப் படிக்கலாம், சாப்பாடும் இலவசம். சொந்தமாகத் தொழில் செய்ய விரும்புபவர்களுக்கு மாவட்டந்தோறும் முன்னோடி வங்கி நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம் இருக்கிறது. தையல், அழகுக்கலை, கைபேசி பழுதுபார்ப்பு, இருசக்கர வாகன மெக்கானிக், ஆடு மாடு வளர்ப்பு என்று சில வாரப் பயிற்சிகள், மதியச் சாப்பாட்டோடு. வங்கியே நடத்துவதால் பின்னால் கடன் கேட்கும்போது கொஞ்சம் கைகொடுக்கும்.

ஆதிதிராவிடர், பழங்குடியின இளைஞர்கள் தாட்கோ இணையதளத்தைத் தவறாமல் பாருங்கள். தங்குமிடச் செலவையும் சேர்த்து ஏற்றுக்கொள்ளும் பயிற்சிகள் அதில் அடிக்கடி வருகின்றன. கட்டட வேலை செய்பவர்கள் நலவாரியத்தில் பதிவு செய்து, பதிவைப் புதுப்பித்து வைத்திருந்தால், வேலையை மேம்படுத்தும் ஒரு வாரப் பயிற்சிக்கு நாளொன்றுக்கு 800 ரூபாய் ஈட்டுத்தொகை கிடைக்கும். கூலி போய்விடுமே என்று தயங்குகிறவர்களுக்காகவே கொடுக்கப்படும் பணம் இது.

சேரும் முன் பயிற்சி மையத்தை நோட்டம் விடுவது

குறுகியகாலப் பயிற்சிகளை அரசு நேரடியாக நடத்துவது குறைவு. பணத்தை அரசு கொடுக்கும், நடத்துவது தனியார் மையங்கள். நல்ல மையமும் உண்டு, வருகைப் பதிவுக்காக மட்டும் நடக்கும் மையமும் உண்டு. பெயரைக் கொடுக்கும் முன் நேரில் போய், வகுப்பு நடக்கும் நேரத்தில் உள்ளே பாருங்கள். இருபது பேருக்கு எத்தனை இயந்திரங்கள்? அதில் ஓடுபவை எத்தனை? போன பேட்சில் படித்த இரண்டு பேரின் தொடர்பைக் கேளுங்கள், தயங்காமல் பேசுங்கள். "வேலை கிடைத்ததா" என்று மட்டும் கேட்காதீர்கள், அந்த வேலையில் எத்தனை மாதம் இருந்தீர்கள், கையில் எவ்வளவு வந்தது, தங்குவதற்கு எவ்வளவு பிடித்தார்கள் என்று கேளுங்கள். சான்றிதழ் யார் பெயரில் வரும், தேர்வை மையமே வைக்கிறதா, வெளியிலிருந்து மதிப்பீட்டாளர் வருகிறாரா என்பதும் முக்கியம். தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பில் எந்த நிலை என்று சான்றிலேயே இருக்க வேண்டும்.

யாராவது பதிவுக்கட்டணம், வைப்புத்தொகை, சீட்டு வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்டால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். உங்கள் மூலச் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ள எந்தக் குறுகியகாலப் பயிற்சி மையத்தையும் அனுமதிக்காதீர்கள். அரசு இணையதள முகவரிகள் பெரும்பாலும் 'கவ் டாட் இன்' என்று முடியும். வாட்ஸ்அப்பில் வரும் இணைப்பைத் திறக்கும் முன் அதைப் பாருங்கள்.

கடைசியாக: சான்று கையில் வந்த பிறகு

ஐடிஐ சான்று வந்ததும் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவில் அதைச் சேர்த்துவிடுங்கள், வீட்டிலிருந்தே இணையத்தில் செய்யலாம். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அரசு வேலை அதில் வரும் என்று காத்திருக்கச் சொல்லவில்லை. பதிவு செய்து ஐந்து ஆண்டுக்கு மேல் வேலை இல்லாமல் இருந்து, குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருந்தால் உதவித்தொகை கிடைக்கும். பத்தாம் வகுப்புத் தேர்ச்சிக்கு மாதம் 300, பட்டதாரிக்கு 600 என்ற அளவில்தான். மாற்றுத்திறனாளிகளுக்குத் தொகையும் காலமும் கூடுதல். அந்த அலுவலகத்தின் உண்மையான பயன், போட்டித் தேர்வுகளுக்கு அங்கே நடக்கும் தன்னார்வப் பயிலும் வட்டத்தின் இலவச வகுப்புகளும் தனியார் வேலைவாய்ப்பு முகாம்களும்தான். தனியார் வேலைக்கென்றே அரசு நடத்தும் இணையதளத்திலும் கட்டணமில்லாமல் பதிவு செய்யலாம்.

சொந்தப் பட்டறை வைக்க நினைப்பவர்கள், ஒன்றிரண்டு ஆண்டு வெளியில் வேலை பார்த்த பிறகு மாவட்டத் தொழில் மையத்துக்குப் போங்கள். வேலையில்லா இளைஞர்களுக்கான திட்டத்தில் 15 லட்சம் ரூபாய் வரையிலான தொழிலுக்கு 25 சதவீத மானியம், அதிகபட்சம் 3.75 லட்சம். நீட்ஸ் திட்டத்தில் முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கு 5 கோடி வரையிலான திட்டங்களுக்கு 25 சதவீத மானியம், அதிகபட்சம் 75 லட்சம், வட்டியில் 3 சதவீதச் சலுகை. நீட்ஸுக்கு ஐடிஐ தகுதியே போதும். இரண்டிலும் வங்கி ஒப்புக்கொண்டால்தான் பணம் நகரும். அதனால் விண்ணப்பிக்கும் முன்பே உங்கள் கணக்கு இருக்கும் கிளை மேலாளரிடம் போய்ப் பேசிவிடுங்கள்.

வளைகுடா, ஐரோப்பா என்று வெளிநாட்டுக் கனவு இருந்தால், ஊர் ஏஜெண்டிடம் பணம் கட்டும் முன், 1978-ல் தொடங்கப்பட்டு சென்னை கிண்டியில் இயங்கும் அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் பதிவு செய்யுங்கள். வெல்டர், எலக்ட்ரீசியன், ஏசி டெக்னீஷியன், செவிலியர் போன்ற வேலைகளுக்கு அவர்கள் அறிவிப்பு வெளியிடுகிறார்கள். பெரும்பாலும் இரண்டு ஆண்டு அனுபவம் கேட்பார்கள். பாஸ்போர்ட்டை மட்டும் இப்போதே எடுத்து வைத்துவிடுங்கள், அதிலும் பெயர் பத்தாம் வகுப்புச் சான்றில் உள்ளபடியே இருக்கட்டும்.